பட்டன் மட்டும்தான் பாக்கி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்க வேண்டியவர் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. போதகர் சுற்றும்முற்றும் பார்த்தார். முன்வரிசையில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்த தையல்கடை மாஸ்டர் கண்ணில் பட்டார். கணீரென்ற குரல், தடுமாறாத வாசிப்பு. போதகர் கையைக் காட்ட, மாஸ்டரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

என்ன பகுதி என்று அவர் முன்கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்கும் தொண்டை கட்டியிருக்கும்.

இயேசு மலைமேல் உட்கார்ந்து, சத்தியமெல்லாம் பண்ண வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவு பேசினால் போதும் என்று சொன்ன இடம் அது. மாஸ்டர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'ஆம்' வந்ததும் மூன்றாவது பெஞ்சில் ஒருவர் இருமினார். 'இல்லை' வந்ததும் பெண்கள் பக்கம் இரண்டு பேர் இருமினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் குனிந்து காலடியில் எதையோ தேடினார். தேடும்போது அவர் தோள் இரண்டும் குலுங்கின. மாஸ்டர் உதவிக்குப் போதகரைப் பார்த்தார். போதகரின் கறுப்பு பேன்ட் மூன்று வாரமாக மாஸ்டர் கடையில் கிடந்தது. முழங்கால் பளபளக்கும் பழைய பேன்ட்டோடு நின்ற போதகர், உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. காது மடல் சூடேற, மீதியை ரயில் வேகத்தில் வாசித்துவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

ஊரில் அவருக்கு 'நாளை மாஸ்டர்' என்று ஒரு பெயர் இருந்தது. தையல் சுத்தம். அவர் தைத்த கோட்டைப் போட்டால் கூன் விழுந்தவரும் நிமிர்ந்தவர்போல் தெரிவார். ஆனால் எப்போது கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்குப் போனால் "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்பார். அந்தத் துணி அப்போது மூட்டைக்குள் மடிப்புக்கூடப் பிரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும்.

மனைவி வீட்டுக்குப் போய் வாசல் கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

"நீங்க வாசிச்சப்போ நான் தலையைக் குனிஞ்சேனே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அது ஜெபம் பண்ண இல்லை."

"தொழில்னா அப்படித்தான்மா. நாளைக்குன்னு சொல்றது பொய்யா? வந்தவங்க முகம் வாடக் கூடாதேன்னு சொல்றது. ஒரு மரியாதை."

"அந்த மரியாதையைப் போதகரோட முழங்கால்ல பார்த்தேன்," என்றாள் மனைவி.

அவளுடைய தங்கை அடுத்த தெருவில்தான் இருந்தாள். கடையில் மனைவிக்கு மிஷின் வேலை; பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் இவள் வேலை. எல்லாரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று சாப்பாட்டுக்கு வந்தவள் தன் பங்குக்கு, "அத்தான், ஊர்ல யார் கேட்டாலும் பட்டன்தான் பாக்கின்னு சொல்றீங்க. பட்டன் வைக்கிறவ நான். எல்லாரும் என்னைத்தான் முறைக்கிறாங்க," என்றாள்.

மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு உள்ளறைக்குப் போய் முழங்காலில் நின்றார். இருபது வருடப் பழக்கம். மனம் சரியில்லாவிட்டால் அங்கேதான் போவார். "ஆண்டவரே, நாளையிலிருந்து ஒழுங்கா இருக்கேன்," என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். நேற்றும் இதே வார்த்தை, போன மாதமும் இதே வார்த்தை. கடவுளுக்கும் பட்டன் மட்டும்தான் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியதும், அழ வேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளறையில் தனியாகச் சிரிக்கும் சத்தம் கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கே," என்றார் அவர், முழங்காலில் நின்றபடியே.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் மாஸ்டர் செய்த முதல் வேலை, அலமாரியிலும் மேசைக்கடியிலும் கிடந்த துணிகளை எல்லாம் வெளியே எடுத்ததுதான். அறுபத்தொரு உருப்படி. அதில் ஒன்று யாருடையது என்று மூவருக்கும் தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேன்ட், எத்தனை சட்டை என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியைத் துண்டுச்சீட்டில் எழுதி ஊசியால் குத்தினார். அந்தத் தேதிகளைப் பார்த்து அவருக்கே மயக்கம் வந்தது.

முதலில் வந்தவர் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"மாஸ்டர், என் சட்டை?"

"பதினேழாம் தேதி."

டிரைவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இல்லை, எனக்குப் புரியலை. நீங்க நாளைக்குன்னு சொன்னா நாலு நாள்னு எனக்குத் தெரியும். நாளன்னிக்குன்னா ஒரு வாரம். பதினேழுன்னா நான் எப்பன்னு எடுத்துக்கிறது?"

"பதினேழுன்னே எடுத்துக்கோங்க."

"உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பலமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

எல்லாரும் அவர்போல் இல்லை. ஒரு அம்மாள் தேதியைக் கேட்டதும் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். எதிர்க்கடைக்காரர் வாசலிலேயே நின்று, "நாளைக்கே தர்றேன்மா," என்றது இங்கே கேட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் அப்படிப் போய்விட்டார்கள். மாஸ்டர் எதிர்க்கடையையே எட்டி எட்டிப் பார்த்தார்.

"விடுங்க அத்தான்," என்றாள் சின்னவள். "அலமாரி பின்சுவரைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு. பச்சைச் சாயம்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அதைவிடப் பெரிய தொல்லை அவர் வாய்தான். நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. காதில் வைத்த மாத்திரத்தில், "அட, உங்களுதா, பட்டன் மட்டும்தான் பாக்கி," என்று வாய் தானாகவே சொல்லி வைத்துவிட்டது. மனைவி மிஷினை நிறுத்தினாள். சின்னவள் ஊசியை நிறுத்தினாள். மாஸ்டர் அதே எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

"சார், இப்ப நான் சொன்னது பொய். உங்க பேன்ட் இன்னும் வெட்டவே இல்லை. வர்ற இருபதாம் தேதி தர்றேன்."

அந்தப் பக்கம் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்கள். பிறகு, "நான் தப்பான நம்பருக்குப் பேசிட்டேன்னு நினைக்கிறேன்," என்று வைத்துவிட்டார்கள்.

போதகருக்குச் சனிக்கிழமை மத்தியானம் என்று சொல்லியனுப்பியிருந்தார். போதகர் நேரிலேயே வந்துவிட்டார். "தம்பி, விசுவாசத்தைப் பத்தி முப்பது வருஷமா பிரசங்கம் பண்றேன். இருந்தாலும் உங்க சனிக்கிழமையை விசுவாசிக்கிறது கொஞ்சம் கஷ்டமா இருக்கு," என்றார். அவர் சிரித்த சிரிப்பில் மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு முள் உறுத்தியது. சொன்னால் மட்டும் போதாது, சொன்ன தேதிக்குக் கொடுக்கவும் வேண்டும்.

அந்த அவசரத்தில்தான் புதன்கிழமை அது நடந்தது.

பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார விழாவில் போட்டுக்கொள்ள ஒரு கோட் வேண்டும் என்று கருநீலக் கம்பளித் துணி கொடுத்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பிய துணி. அந்த நிறம் இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. துணியும் அளந்து வைத்ததுபோல் இருந்தது, ஒரு விரற்கடை மிச்சமில்லை. அதனால் மாஸ்டர் துணியை மடித்துப் போடாமல் ஒற்றையாக விரித்து, ஒவ்வொரு பாகமாக வெட்டினார். முதுகு வெட்டினார், முன்பக்கம் இரண்டும் வெட்டினார். ஒரு கை வெட்டினார். அந்தக் காகித அச்சைத் திருப்பிப் போட்டு அடுத்த கையை வெட்ட வேண்டும். போதகரின் பேன்ட்டைப் பற்றி யோசித்தபடியே, திருப்பாமல் அப்படியே நகர்த்தி வைத்து வெட்டினார்.

கத்தரி கடைசி முனையைக் கடந்தபோதுதான் கண் பார்த்தது. மேசையில் இரண்டு கைகள். இரண்டும் இடது கை. நல்ல பக்கமும் பின்பக்கமும் பளிச்சென்று வேறுபடும் துணி. ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றவும் வழியில்லை.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னவள் வந்து பார்த்தாள். இரண்டையும் தூக்கி அக்காவிடம் காட்டினாள். 

"அத்தான், துணி பத்தலைன்னு சொல்லிடுங்க," என்றாள் சின்னவள் மெல்ல. "உண்மையிலேயே அளவாத்தானே இருந்துச்சு. அந்த அம்மா நம்புவாங்க. மகளைத்தான் கொஞ்சம் திட்டுவாங்க, ஏன்டி கஞ்சத்தனமா வாங்கினேன்னு."

அது நல்ல பொய். யாருக்கும் தெரியாது, யாரும் சோதிக்க முடியாது. இருபத்தைந்து வருடத்தில் மாஸ்டர் அதை நாலைந்து தடவை பயன்படுத்தியும் இருக்கிறார். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் நூல் கோப்பவள்போலக் குனிந்துகொண்டாள்.

"போய் சொல்லிட்டு வந்துடறேன்," என்றார் மாஸ்டர்.

வெட்டிய இரண்டு கைகளையும் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார். வழியெல்லாம் ஜெபித்தபடி போனார். என்ன ஜெபம் என்றால், அந்த அம்மா இன்றைக்கு லீவில் இருக்க வேண்டும் என்ற ஜெபம். அது கேட்கப்படவில்லை. தலைமையாசிரியை அறையில்தான் இருந்தார்.

அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச். அதில் ஏற்கெனவே இரண்டு மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரும் ஓரமாக உட்கார்ந்தார்.

"நீங்க என்ன பண்ணீங்க அங்கிள்?" என்று ஒருத்தி ரகசியமாகக் கேட்டாள்.

"தப்பா வெட்டிட்டேன்."

"நாங்க கணக்கு கிளாஸை வெட்டிட்டோம்," என்றாள் அவள் அனுதாபத்தோடு. "முதல்ல நீங்க போங்க. கோபம் கொஞ்சம் குறையும்."

தலைமையாசிரியை ஒல்லியானவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் வழக்கம் உள்ளவர். அந்தப் பார்வைக்குப் பயந்து இந்த ஊரில் பாதிப் பேர் வாய்ப்பாடு படித்திருக்கிறார்கள். மாஸ்டர் உட்காரவில்லை. பையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அம்மா, உங்க கோட்டுக்கு ரெண்டு கையையும் இடது கையா வெட்டிட்டேன். துணி மேல தப்பில்லை. என் கவனம் வேற எங்கேயோ இருந்துச்சு. மிச்சத் துணி இல்லை. தப்பு என்னோடது."

தலைமையாசிரியை இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றைத் திருப்பினார். மறுபடியும் முதலில் இருந்த மாதிரியே வைத்தார்.

"ரெண்டுமேவா?"

"ரெண்டுமேதான்."

"இதைச் சொல்லவா வந்தீங்க? போன்ல துணி குறைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கலாமே. நான் நம்பியிருப்பேனே."

"அதாம்மா வந்தேன். நீங்க நம்பியிருப்பீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோபோல் இருந்தது. "முப்பத்தி நாலு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கேன்," என்றார். "நீங்க நிக்கிற இடத்துல எத்தனையோ பேர் நின்னிருக்காங்க. பிள்ளைங்க, அப்பா அம்மாங்க, வாத்தியாருங்க. எல்லாரும் மாட்டிக்கிட்ட பிறகு வந்தவங்க." அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஒரே கையை ரெண்டு தடவை எப்படிங்க வெட்டுவீங்க?"

"போதகரோட பேன்ட்டை நினைச்சிட்டிருந்தேன்," என்றார் மாஸ்டர். அதற்கு மேல் அந்த அம்மாளால் அடக்க முடியவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த இரண்டு பிள்ளைகளும், தலைமையாசிரியை சத்தம்போட்டுச் சிரிப்பதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் வழியில் யோசித்து வைத்ததைச் சொன்னார். சாம்பல் நிறத்தில் நல்ல துணி கடையில் இருக்கிறது, தன் பொறுப்பு. கை இரண்டும் காலரும் அதில் தைத்தால், வேண்டுமென்றே வைத்ததுபோல இருக்கும்.

"நல்லா இருக்குமா?"

'பிரமாதமா இருக்கும்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாஸ்டர் அதை விழுங்கினார். "தெரியலைம்மா. இந்த நீலத்தோட சாம்பல் சேர்த்து நான் தைச்சதில்லை. தோள்கிட்ட வேற துணின்னு கண்ணுக்குத் தெரியும்."

"சரி, தைங்க. எப்ப தருவீங்க?"

மாஸ்டர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். இரண்டு தடவை போட்டார். "வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, இங்கேயே கொண்டு வந்து."

"விழா ஒன்பது மணிக்கு."

"எட்டரைக்கும்மா."

அவர் பைக்குள் கைகளை வைக்கப் போனபோது, "ஒண்ணு எனக்கு வேணும்," என்று தலைமையாசிரியை ஒரு கையை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மூவரும் கடையில் இருந்தார்கள். போதகரின் பேன்ட்டை மனைவி எடுத்துக்கொண்டாள். கோட் முழுவதும் மாஸ்டரின் கையில். மத்தியானம் வரை யாரும் நிமிரவில்லை. உள்பக்கத்துக்கு லைனிங் துணி கொடுத்துத் தோள் சேர்த்த சமயத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். பதினேழாம் தேதி இன்னும் வரவில்லை. பதினேழுக்கு என்ன அர்த்தம் என்று உறுதிப்படுத்திக்கொள்ள வந்தாராம். சின்னவள் அவர் கையில் ஒரு ஊசியையும் நாலு பட்டனையும் கொடுத்தாள்.

"இதெல்லாம் எனக்கு வராதும்மா. தையல் போடுறவங்ககிட்ட ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோட என் வேலை முடிஞ்சுது."

"சும்மா கோத்தாவது குடுங்க."

அவர் கோத்துக் கொடுத்தார். பிறகு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, எல்லாருக்கும் டீ வரவழைத்து, தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எடுத்து, "தேதி கேட்டா நிஜத் தேதி சொல்வாங்க, பரவாயில்லையா?" என்று வாடிக்கையாளர்களை முன்கூட்டியே எச்சரித்தார்.

சாயங்காலம் கோட்டை மரப்பொம்மையில் மாட்டினார்கள். கருநீல உடம்பு, சாம்பல் கை. மாஸ்டர் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். அழகா இல்லையா என்று அவருக்கே முடிவு செய்ய முடியவில்லை. தோள் மட்டும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. "இது போதும் ஆண்டவரே," என்று முணுமுணுத்துவிட்டு இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கினார்.

வெள்ளிக்கிழமை எட்டு இருபதுக்கு அவர் பள்ளி வாசலில் நின்றார். வந்த நேரத்தை நம்பாமல் கடிகாரத்தை ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டார். தலைமையாசிரியை கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வீட்ல இருக்கிறவங்களையும் கூட்டிட்டு விழாவுக்கு வாங்க," என்று மட்டும் சொன்னார். அது அழைப்பா கட்டளையா என்று தெரியாததால் மாஸ்டர் போனார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பேசியவர்கள் எல்லாரும் நீளமாகப் பேசினார்கள். கடைசியில் தலைமையாசிரியை எழுந்தார். எழுந்தவர் கைப்பையைத் திறந்து, அந்தக் கருநீல இடது கையை வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினார். கடைசி வரிசையில் மாஸ்டர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"என் கோட்டோட கை ரெண்டும் ஏன் வேற நிறம்னு எல்லாரும் பார்க்கிறீங்க," என்று ஆரம்பித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். போதகரின் பேன்ட்டையும் விடவில்லை. மண்டபம் கொல்லென்று சிரித்தது. அழைப்பின்பேரில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த போதகர் இரண்டு கையாலும் முழங்காலை மறைத்துக்கொண்டார். மாஸ்டரின் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. அது முழுவதும் சிரிப்பினால் வந்த நீர் இல்லை என்று மாஸ்டருக்குத் தெரிந்தது.

"இவர் வந்து சொல்லலைன்னா, நான் இன்னிக்கு என் பெண்ணைத் திட்டிட்டு இருந்திருப்பேன்," என்றார் தலைமையாசிரியை. "பிள்ளைங்களா, எனக்கு வேற அறிவுரை எதுவும் தோணலை. எழுந்திருங்க, டீ ஆறிடும்."

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்பே போதகரின் பேன்ட் போய்ச் சேர்ந்தது. போதகர் மடிப்பைத் தடவிப் பார்த்து, மாஸ்டரின் தோளைத் தட்டினார். எதிர்க்கடைக்குப் போன ஒன்பது பேரில் மூன்று பேர் அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. அலமாரியில் பச்சைச் சுவர் தெரிந்துகொண்டேதான் இருந்தது. வேலை குறைந்த நாட்களில் மூவரும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார்கள். அது புது வழக்கமாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு காலை, தலைமையாசிரியை கடைக்குள் வந்தார். கையில் ஒரு புது நோட்டு, பென்சில், சொந்தக் கத்தரிக்கோல்.

"வீட்ல உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப் போச்சு. எனக்குத் தையல் சொல்லிக் கொடுங்க."

மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. "நானாம்மா? உங்களுக்கா?"

"எத்தனை நாள்ல கத்துக்கலாம்?"

"தெரியலைம்மா. கையைப் பொறுத்தது."

மூன்றாவது மிஷினைத் துடைத்துக் கொடுத்தார். ஊசியில் நூல் கோக்காமல், கோடு போட்ட காகிதத்தை வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டப் பழகச் சொன்னார். அம்மாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க ஓட்டினார். பிறகு காகிதத்தை எடுத்து நீட்டி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

மனைவி மிஷினை நிறுத்தினாள். சின்னவளின் ஊசி பாதியில் நின்றது. மாஸ்டர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 

"கோணலா இருக்கும்மா."

தலைமையாசிரியை காகிதத்தை வாங்கி, தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமா, கோணல்தான்," என்றார் திருப்தியோடு, நோட்டிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்தபடி.